வெள்ளிக் கிரகமும் கரிச்சட்டியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் போடிநாயக்கனூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சராக இருந்தேன். கோள்கள் பாடம் வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மற்ற பாடங்களை எப்படியோ ஒப்பேற்றினாலும், அந்தப் பாடத்துக்கு மட்டும் என் கைக்காசில் கலர் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போவேன்.

சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது புதன். அப்படியானால் அதுதானே அதிகச் சூடாக இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளை கேட்கும். நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன்.

"இல்ல, வெள்ளிதான் சூடு. புதனுக்குப் போத்திக்க ஒண்ணுமில்ல. பகல்ல கொதிக்கும், ராத்திரி வெறைச்சுப் போகும். வெள்ளியைச் சுத்திக் கரியமில வாயு கெட்டியா மூடிக் கெடக்கு. உள்ள வந்த சூடு வெளிய போக வழியில்ல" என்பேன்.

செவ்வாயில் இருப்பதும் அதே கரியமில வாயுதான். ஆனால் சல்லாத் துணி மாதிரி மெல்லிசு. சூரியனுக்குத் தூரம் வேறு. இருக்கிற சூடும் தங்காது. ஒரே வாயு ஒரு கோளை அடுப்பாக்குகிறது, இன்னொன்றைக் குளிரில் விட்டுவிடுகிறது. நம் பூமிக்குத்தான் எல்லாம் அளவாக வாய்த்திருக்கிறது என்று முடித்துவிட்டு, கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொள்வேன். இந்தப் பாடத்தை என்னை மாதிரி நடத்த இந்த ஜில்லாவிலேயே ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு வேலை மலைமேலே. போடிமெட்டு தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். சீசனில் அவர் கீழே இறங்க முடியாது. அதனால் அரைப் பரீட்சை லீவு விட்டதும், எட்டு மாதப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஜீப்பில் நானே ஏறினேன். போடியில் ஏறும்போது கழுத்தெல்லாம் வேர்வை. மெட்டு தாண்டி இறங்கும்போது பல் தந்தியடித்தது. "வேற கெரகத்துக்கு வந்துட்டோம்டி" என்று குழந்தையிடம் சொன்னேன். அதற்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் மேகம் இறங்கி, வாசல் கொய்யாமரம்கூடத் தெரியவில்லை. சாரல் வேறு. அவர் ஸ்டோருக்குப் போயிருந்தார். குழந்தை சளித் தொந்தரவில் நைநை என்று அழுதது. கீழே எங்கள் சொந்த ஊரான சிலமலையில் மார்கழிக் குளிருக்குப் பிள்ளை இருக்கும் அறையில் கரிச்சட்டி வைப்பது வழக்கம். இரும்புச் சட்டியில் கனிந்த கரியைப் போட்டு ஓரமாக வைத்துவிடுவோம். ஓட்டு வீடு, காற்று வந்துபோக எத்தனையோ சந்து. அதனால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

தோட்டத்து வீடு அப்படியில்லை. குளிர்காற்று நுழையக் கூடாது என்று சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை எல்லாம் பூசி அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஜன்னல் இடுக்கில் நான் சாக்கைத் திணித்தேன். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். கொண்டியைப் போட்டுவிட்டு, சட்டி நிறையக் கரியைக் கனிய விட்டேன்.

அறை கதகதப்பானது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகையை நிறுத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. லேசாகத் தலை வலித்தது. மலை ஏறி வந்த அலுப்பு என்று நினைத்தேன். கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. குழந்தை பக்கத்திலேயே படுத்துவிட்டேன்.

"டீச்சரம்மா, கதவத் தெறங்க." எங்கேயோ தூரத்தில் கேட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் குரல். ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை அவருக்கு. அப்புறம் வரட்டுமே என்று படுத்துக் கிடந்தேன். கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. நாலாவது உதையில் கொண்டி தெறித்து விழுந்தது.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு சாரலுக்குள் ஓடினார். சளி பிடித்த பிள்ளையை மழையில் தூக்கிக்கொண்டு போகிறாளே, அறிவுகெட்டவள் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். கத்தப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. எழுந்தேன், கால் நிற்கவில்லை. தவழ்ந்து தவழ்ந்து வாசல்படிக்கு வந்தேன்.

குழந்தையை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் சுண்டினார். "கொச்சே, அழுடி. அழு கொச்சே." அந்தப் பக்கத்தில் பிள்ளையைக் கொச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். என் பிள்ளை அழவில்லை. தலை துவண்டு கிடந்தது. நான் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு இருமல். பிறகு அழுகை. கையை நீட்டினேன்.

"மொதல்ல நீங்க நல்லா மூச்ச இழுத்து விடுங்க. அப்பறம் தாறேன்" என்றார்.

வெள்ளியில் இருப்பது கரியமில வாயு. அடைத்த அறையில் கரி கனிந்தால் வருவது அதைவிடப் பொல்லாத கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். கோடிக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கிற காற்றைப் பற்றி வாய் கிழியப் பேசியவளுக்கு, தன் கையால் சாக்கு வைத்து அடைத்த காற்றைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை. என் கன்னத்தில் நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பனிக்காற்றை அன்றைக்கு நான் நெஞ்சு நிறைய இழுத்த மாதிரி, அதற்கு முன் எந்தக் காற்றையும் இழுத்ததில்லை. பூமியில் பிறந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்த அக்கா மட்டும் வராமல் இருந்திருந்தால் அதைச் சொல்லவும் நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் ஒரு புதுச்சேலையை எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக்கா தெரிஞ்சது ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சோலி முடிஞ்சு வர்றேன், ஜன்னல்ல சாக்கு தெரிஞ்சது. கூப்பிட்டேன், சத்தமில்ல." முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நானும் கீழ இருந்து வந்தவதான், டீச்சரம்மா. வந்த மொத மார்கழியில எம் பிள்ளைக்கும் இப்படித்தான் நல்லா அடைச்சுக் கரிச்சட்டி வச்சேன். எங்க கதவ ஒதைக்க யாரும் வரல. எனக்கு மட்டும் முழிப்பு வந்துச்சு."

சேலையைத் தரையில் வைத்தேன். அவர் மடியிலிருந்த முறத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குழந்தையை அந்த மடியில் உட்கார வைத்தேன்.