உடைசல் டீச்சர்

புது கிரேயான் பெட்டி கைக்கு வந்ததும் டீச்சர் செய்யும் முதல் காரியம், ஒவ்வொரு குச்சியாக எடுத்து நடுவில் பட்டென்று உடைப்பது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு, பச்சை, ஊதா என்று ஒன்று பாக்கியில்லாமல் உடைபடும். அப்புறம் பெட்டியின் மூடியைக் கிழித்துக் கூடையில் எறிவார். துண்டுகளை ஒரு டப்பாவில் கொட்டிக் குலுக்கி நடு மேஜையில் வைப்பார். "முடிஞ்சுது. இனிமே இது புதுசு இல்ல. ஆளாளுக்கு எடுத்துக்குங்க."

அப்படி உடைபட்ட பெட்டிகளில் ஒன்று நான் கொடுத்தது. என் மகள் அந்த வகுப்பில் படிக்கிறாள். வகுப்புக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நானும் என் பங்குக்கு உயர்ந்த ரகமாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி அனுப்பினேன். சாயங்காலம் மகள் வந்து, "அப்பா, நீ குடுத்தத டீச்சர் உடைச்சிட்டாங்க" என்றாள், ஏதோ பரிசு கிடைத்தது போன்ற முகத்தோடு. மறுநாள் காலையில் நான் சண்டைக்குப் போய்விட்டேன்.

டீச்சர் என்னை உட்காரச் சொல்லவில்லை. உட்காரவும் அங்கே என் அளவுக்கு நாற்காலி இல்லை. "நீங்க எதுக்கு சார் குடுத்தீங்க? வரையறதுக்கா, வச்சுப் பாக்கறதுக்கா?" என்றார். "இந்த வகுப்புக்கு நான் வந்த புதுசுல பெட்டிய அப்படியே குடுத்தேன். ஒரு பிள்ளை தொடல. பள்ளிக்கூடம் மூடற அன்னிக்கு மொத்தமும் முனை மழுங்காம இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வீட்டுல எல்லாரும் 'தொடாத, உடைஞ்சிடும்'னு சொல்லிச் சொல்லி வளர்க்கறீங்க. புதுசப் பாத்தா இதுங்களுக்கு பயம். அதான், உடையறத நானே உடைச்சிடறேன். அதுக்கப்பறம் பயப்பட என்ன இருக்கு?"

பிறகு சற்று இறங்கி வந்து, "ஒரு செவப்ப உடைச்சா ரெண்டு செவப்பு சார். பாதிச் சண்டை மிச்சம்" என்றார். கோபத்தோடு போனவன் அசடு வழியத் திரும்பி வந்தேன்.

பெற்றோர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் உடைசல் டீச்சர். அது அவருக்கும் தெரியும். உயரமும் அகலமும் தாராளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. அதைப் போடுவதைவிட அதன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம்தான் அதிகம். உள்ளங்கையில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். குரலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தெருமுனையில் நின்றாலே வகுப்பில் இன்று கழித்தலா பெருக்கலா என்று தெரிந்துவிடும்.

யாராவது பொருள் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்தி, கொடுப்பவர் எதிரில் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஸ்கெட்ச் பேனாவைத் தன் கையிலேயே கிறுக்கிப் பார்ப்பார். கத்தரிக்கோலால் பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெரிய கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவை கை போன பொம்மைகள், பாதிப் பக்கம் கிழிந்த கதைப் புத்தகங்கள், கல்லாய் இறுகிய பசைப் புட்டிகள். டீச்சர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நல்லதாக இருந்த ஒரே ஒரு உலக உருண்டையை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "மத்தது உங்க வீட்டுலயே இருக்கட்டும்மா. எங்களுக்கும் குப்பைத்தொட்டி இருக்கு, அது ஏற்கெனவே ரொம்பிக் கெடக்கு." அந்த அம்மாள் விறைத்துப் போய் நின்றாராம். அடுத்த மாதம் அதே கார் வந்தது, புது ஹெட்போன்களோடு.

இத்தனை உடைக்கிற மனுஷியின் வீட்டுக்குப் போனால் சிரிப்பை அடக்க முடியாது. சோபாவின் மேல் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் போடும். கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட கோப்பைகள், கல்யாணத்துக்கு வந்தவை, ஒரு வாய் தேநீர் பார்த்ததில்லை. டிவி ரிமோட் நெகிழிப் பைக்குள். அவருடைய வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். வகுப்புக்கு வந்த மரப் பெட்டிகளைப் பிரித்து, பிறகு வகுப்புக்கு வந்த டேப்லெட்டுகளை வைக்கத் தாங்கி செய்து கொடுத்தவர் அவர்தான். "இவ ஸ்கூல்லதான் சார் பெரிய வீராங்கனை. இங்க ஒரு கப்ப எடுத்துட்டேன்னா வீடு ரெண்டாயிடும்" என்றார். டீச்சர் முகம் சிவந்து, "அது என்னோட பொருள். எனக்கும் புதுசுன்னா பயம்தான், போதுமா?" என்று உள்ளே போய்விட்டார்.

இந்த வருடம் பள்ளி திறந்த கையோடு ஒரு அறக்கட்டளை எட்டு டேப்லெட் கொடுத்தது. நாலு பிள்ளைகளுக்கு ஒன்று. கொண்டுவந்த அம்மாள், ரொம்ப நறுக்கென்று பேசுபவர், போகும்போது ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போனார். "வருஷக் கடைசியில வந்து பாப்பேன். ஒழுங்கா வச்சிருந்தா எட்டும் உங்களுக்கே. இல்லன்னா வேற ஸ்கூலுக்குப் போயிடும்."

தலைமை ஆசிரியையை அங்கே எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் எட்டையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டத் தயாராக இருந்தார். உடைசல் டீச்சர் அதற்குள் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்றின் திரையில் பசைக் கட்டைவிரலை அழுத்தி, ஈரத் துணியால் துடைத்துக் காட்டினார். எல்லாவற்றின் முதுகிலும் மை அழியாத பேனாவால் பெரிதாக எண் போட்டார். கடைசியாக, தடித்த ரப்பர் உறை மாட்டிய ஒன்றை மேஜை ஓரத்தில் வைத்து, "யாராவது தள்ளி விடுங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. அவரே முழங்கையால் ஒரு இடி இடித்தார். பாயில் தொப்பென்று விழுந்தது. வராந்தாவில் போன பெரிய டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அதை எடுத்துப் பிள்ளைகளிடம் திருப்பிக் காட்டினார். "உசிரோடதான் இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

முதல் வாரம் பிள்ளைகள் எடுத்த படங்கள் எல்லாம் மூக்குத் துவாரங்கள். அவர் தடுக்கவில்லை. "ஆசை தீரட்டும், அப்பறம் வேலை" என்று விட்டுவிட்டார். தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தன் காரியத்தை ஆரம்பித்தார். தினமும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் வாசித்து, அதைப் பதிவு செய்து, ஹெட்போனில் தானே கேட்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு டீச்சர், முப்பத்திரண்டு வாய். நாலு பேர் வாசிப்பதைக் கேட்பதற்குள் மணி அடித்துவிடும். கடைசி வரிசைக்கு முறை வருவதற்குள் வாரம் முடிந்துவிடும். இப்போது எல்லோருக்கும் தினமும் ஒரு காது கிடைத்தது, அதுவும் அவரவர் காது.

வகுப்பில் ஒரு பையனை முழுங்கி என்பார்கள். வார்த்தையின் பின்பாதியை மென்று முழுங்கிவிடுவான். எத்தனை தடவை திருத்தினாலும் அவன் ஒப்புக்கொண்டதில்லை. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, "டீச்சர், நான் பாதிய தின்னுடறேன்" என்றான், அதிர்ச்சியோடு. அன்று முழுக்க அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தானாம். டீச்சர் இதை என்னிடம் சொல்லும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், கண்ணை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

வருடக் கடைசிக்குள் எட்டும் வகுப்பின் கோலத்துக்கு வந்துவிட்டன. கீறல், மைக்கறை, உறையின் மூலையில் பல் பதிந்த தடம். ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் திரையின் ஓரத்தில் விரிசல். அந்த விரிசல் குட்டி வக்கீலின் கைங்கரியம். எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கும் சின்னப் பெண் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஜன்னலில் வந்து உட்கார்ந்த ஏதோ ஒரு பறவையைப் படம் பிடிக்க ஓடியபோது உறை இல்லாமல் கை தவறிவிட்டது.

அறக்கட்டளை அம்மாள் வரப்போவதாகத் தகவல் வந்த சாயங்காலம், மகளைக் கூட்டிப் போக வந்த நான் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். பெரிய டீச்சர் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏழு மட்டும் காமிங்க. நல்லா தொடைச்சு, பெட்டில போட்டு வைங்க. உடைஞ்சது என் பீரோவுல இருக்கட்டும். ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம்."

"நான் சொல்லிடுவேன் பெரிய டீச்சர், எனக்கென்ன? இந்த முப்பத்திரண்டு வாய யாரு கட்டுறது?"

"வெளையாடாதீங்க. மொத்தமும் போயிடும்."

"தெரியும்" என்றார் டீச்சர். கழுத்துக் கயிறு விரலில் இறுகிச் சுற்றியிருந்தது. "போனா மறுபடி நாலு பேரு வாசிப்பான், மத்தவன் வேடிக்கை பாப்பான். எனக்குத் தெரியாதா? ஆனா எட்டும் எட்டாத்தான் இருக்கும்."

மறுநாள் பெற்றோர் சார்பில் என்னையும் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்தார்கள். மேஜை மேல் எட்டு டேப்லெட்டும் வரிசையாக இருந்தன, பெட்டியில்லாமல். அறக்கட்டளை அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் தடவிப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"போன வாரம் இன்னொரு ஸ்கூலுக்குப் போயிருந்தேன். இதே மாடல், இதே வருஷம். குடுத்த மாதிரியே வச்சிருக்காங்க. ஒரு கீறல் இல்ல."

"அதுக்குள்ள ஏதாவது இருந்துச்சுங்களா?" என்றார் டீச்சர்.

"உள்ளன்னா?"

டீச்சர் முழுங்கியைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் ஓடிவந்து, அந்த அம்மாளைக் குனியச் சொல்லி, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டான். முதலில் டேப்லெட் வந்த புதிதில் வாசித்தது. அப்புறம் அந்த வாரத்து வாசிப்பு. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. முதலாவதற்குப் புருவம் சுருங்கியது. இரண்டாவதற்கு அவர் திரும்பி அந்தப் பையனைப் பார்த்தார், "இது நீயா?" என்று கேட்டார். "நான்தான். இப்ப எதையும் திங்கறது இல்ல" என்றான் அவன். பெரிய டீச்சர் முதல் தடவையாக மூச்சு விட்டார்.

ஆனால் ஐந்தாம் எண் இன்னும் பாக்கியிருந்தது. விரிசல் கண்ணில் பட்டதும் அந்த அம்மாளின் நறுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "இது யாரு உடைச்சது?"

இந்தக் கேள்வி கேட்கப்பட்டால் எந்த வகுப்பும் தரையைப் பார்க்கும். இங்கே ஒரு கை சட்டென்று உயர்ந்தது.

"நான்தான். பறவை போயிடுமேன்னு ஓடினேன், விழுந்துடுச்சு. ஓரத்துல மட்டும்தான். நடுவுல நல்லா இருக்கு, எல்லாம் தெரியுது." குட்டி வக்கீல் மேஜை வரைக்கும் வந்து, தன் டேப்லெட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். "உங்க கண்ணாடிலகூட கீறல் இருக்கு. அத தூக்கியா போட்டீங்க?"

அந்த அம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். உண்மையிலேயே இருந்தது. வகுப்பு சிரித்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார். "சரி, அத இங்க குடு. நான் எடுத்துட்டுப் போய் வேற அனுப்பறேன்."

பெண் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன். இதுலதான் எங்க நாலு பேரு வாசிச்சதும் இருக்கு."

"குடுத்துடு கண்ணு, அம்மா கேக்கறாங்கல்ல" என்றார் பெரிய டீச்சர். எல்லோருடைய கண்களும் உடைசல் டீச்சர் பக்கம் திரும்பின. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் கொடுத்துவிடுவாள். அறக்கட்டளை அம்மாளும் அதற்காகத்தான் காத்திருந்தார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

டீச்சர் முதல் வரிசையிலிருந்து ஒரு குட்டி நாற்காலியை இழுத்து வந்து அந்தப் பெண்ணின் எதிரில் போட்டார். "அது அவளோடது மேடம். கேக்கறதுன்னா அவளத்தான் கேக்கணும். உக்காந்து கேளுங்க."

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் ஏறக்குறைய மூடிக்கொண்டேன். எட்டும் போயிற்று என்றே நினைத்தேன்.

அறக்கட்டளை அம்மாள் டீச்சரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். முழங்கால் முகவாய் வரைக்கும் வந்தது. "நான் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார்.

குட்டி வக்கீல் யோசித்தாள். "பாத்துட்டுக் குடுத்துடணும்."

"குடுத்துடறேன்."

அவர் வாங்கிப் பார்த்தார். நாலு குரல்களில் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் கேட்டார். நடுவில் பறவைப் படமும் வந்தது, வால் மட்டும் தெரிகிற படம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்து, இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். "எட்டும் இங்கயே இருக்கட்டும்" என்று பெரிய டீச்சரிடம் சொன்னார்.

பெரிய டீச்சர் கைகூப்பிக்கொண்டு நன்றியுரையை ஆரம்பித்தார். "எங்கள் பள்ளியின் சார்பாக..." என்பதற்குள் உடைசல் டீச்சர் மேஜையிலிருந்த டேப்லெட்டுகளை அள்ளிக் குழுக்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். "அப்பறம் சொல்லிக்கலாம் பெரிய டீச்சர். இன்னிக்கு ஒருத்தரும் இன்னும் வாசிக்கல." நடந்துகொண்டே வந்தவர், குட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்த அந்த அம்மாளின் தோளில், பசை உரிந்த தன் பெரிய கையை வைத்து, மெதுவாக அழுத்தி, அதிலேயே மறுபடி உட்கார வைத்தார்.