குண்டு குறைந்த சைக்கிளும் மதினியின் ரேஸும்

பொங்கல் போட்டி நோட்டீஸ் ஒன்றை இன்று பார்த்ததும் மதினி நினைவுதான் வந்தது.

எண்பதுகளில் ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊர் மேலகரத்தில் பெண்களுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். கடைசியாக வருபவருக்கே பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். நானும் என் அண்ணன் மனைவியான மதினியும் பெயர் கொடுத்திருந்தோம்.

அன்று மதியம் மதினியின் சைக்கிளில் பெடல் அச்சு தேய்ந்து கடகடவென்று ஆடியது. கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன.

"இத வச்சு மெதுவா மிதிச்சா விழுந்துருவேன்ட்டி. ஊரே சிரிக்கும்" என்றாள்.

அண்ணன் எப்போதோ வாங்கிப் போட்ட புது அச்சு வீட்டில் இருந்தது. நாங்களே மாற்ற உட்கார்ந்தோம். பழைய அச்சை உருவியதும் பேரிங் குண்டுகள் முற்றமெல்லாம் சிதறி ஓடின. தேடிப் பொறுக்கினோம்.

"மதினி, ஒரு குண்டு குறையுதே!"

"இது என்ன ஓடுத ரேஸா? நிக்குத ரேஸ்தானட்டி. கிரீஸ அப்பிப் பூட்டு."

பயந்துகொண்டேதான் பூட்டினேன்.

ரேஸில் பெடல் கொஞ்சமும் ஆடவில்லை. கடைசியில் மதினியும் இன்னொருத்தியும் மிஞ்ச, அந்த இன்னொருத்தி காலை ஊன்றிவிட்டாள். மதினி கோட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பரிசு ஓர் எவர்சில்வர் தூக்குவாளி.

அதே ரேஸில் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது நான்தான். முதலாவதாக வந்து தோற்றவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா?