இரண்டு நிமிடத்துக்கு ஒரு தட்டு

நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேன் ஓட்டுகிறேன். மலேசியப் பக்கம் கெலாங் பாத்தாவில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றி, பாலம் தாண்டி, சிங்கப்பூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் இறக்குவேன். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவேன். பதினோரு பேர். அதில் என் அக்காவும் ஒருத்தி. முன்சீட் அவளுக்கு.

அக்கா வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியவள். ஒரு நாள் பாலத்துக்கு முன்னால் ஜாமில் நிற்கும்போது சொன்னாள்.

"பிசினஸ் ஸ்கூல்ல சேரப் போறேன்டா. நுழைவுத் தேர்வு எழுதணும்."

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"மூணு பேருக்கு நான் வேலை சொல்லிக் கொடுத்தேன். மூணு பேரும் எனக்கே மேனேஜரா வந்துட்டாங்க. கேட்டா, அவங்க பிசினஸ் ஸ்கூல் படிச்சவங்களாம். நாலாவது ஆளுக்கு நான் சொல்லிக் கொடுக்க மாட்டேன்."

"சரி, எழுது," என்றேன்.

வீட்டில் அவளால் படிக்க முடியாது. இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். ஜாம்தான் அவளுக்குக் கிடைத்த நேரம். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். தொப்பியில் மாட்டுகிற சின்ன விளக்கு ஒன்று வாங்கினாள். மடியில் அட்டை, அதன்மேல் தாள்.

கணக்கு அவளுக்கு வரும். நேரம்தான் போதவில்லை. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். பிடித்த கேள்வி கிடைத்தால் விட மாட்டாள், பத்து நிமிடம் கடித்துக்கொண்டே இருப்பாள். ஹேண்ட்போனில் மணி வைத்தாள். பின்னால் தூங்குகிறவர்கள் சத்தம் போட்டார்கள்.

"நீ பாத்து சொல்லுடா," என்றாள்.

வாயால் சொன்னாலும் அவர்கள் விழித்துக்கொள்வார்கள். என் விரலில் வெள்ளி மோதிரம் ஒன்று உண்டு. வேன் கடிகாரத்தைப் பார்ப்பேன். இரண்டு நிமிடம் ஆனதும் மோதிரத்தால் ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு. அவள் உடனே கேள்வியை விட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். முடிந்ததா, முடியவில்லையா என்று பார்க்க மாட்டாள்.

இப்படியே எட்டு மாதம். ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சல் வந்த நாளிலும் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சில கேள்விகளைச் சன்னமாகச் சொல்லிக் காட்டுவாள். ஒரு வகைக் கேள்விக்கு விடையே வேண்டாமாம். கொடுத்த விவரத்தை வைத்து விடை கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா, அதைச் சொன்னால் போதுமாம்.

"இதுக்கு ஒரு பரீட்சையா?" என்றேன்.

"நீ டெய்லி அதானடா செய்ற? எந்த லைன் நகரும்னு முழுசா தெரிஞ்சா உள்ள விடுற?"

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

தேர்வு நாள் வந்தது. ஜோகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. நான் வேனிலேயே இருந்தேன். இறங்கி வந்தவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிட்டேன். டோல் தாண்டினோம்.

"பன்னெண்டாவது கேள்வில உக்காந்துட்டேன்," என்றாள்.

"கஷ்டமா?"

"இல்ல. நீ தட்டுவன்னு இருந்தேன்."

நான் ரோட்டையே பார்த்தேன்.

"கடிகாரம் ஸ்கிரீன் மூலையிலயே ஓடிட்டு இருந்துச்சுடா. நான் அதப் பாக்கவே இல்ல. எட்டு மாசம் பாத்துப் பழகுனது நீதான? கடைசில ஒம்பது கேள்வி தொடாம போச்சு."

தப்பு என்னுடையது. உதவி என்று நினைத்து, அவள் பார்க்க வேண்டியதை நான் பார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "அடுத்தது எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

விண்ணப்பம் மூடுவதற்குள் இன்னும் ஒரு தடவை எழுதலாம். ஐந்து வாரம் இருந்தது. அது போனால் ஒரு வருடம் போகும். அதற்குள் நாலாவது ஆள் வந்துவிடுவான்.

திங்கட்கிழமை மோதிரத்தைக் கழற்றி வேனின் சாம்பல் தட்டில் போட்டேன். வேன் கடிகாரத்தின்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். அக்கா பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அட்டையின் மூலையில் கிளிப்பில் மாட்டினாள்.

தட்டாமல் இருப்பது லேசாக இல்லை. கடிகாரம் இல்லாமலே விரல் தானாக எழும்பியது. பிடித்து அடக்கினேன். பின்சீட்டில் ஓர் அம்மா வருவார், கேண்டீனில் வேலை. மூன்றாம் நாள் கேட்டார்.

"என்னா தம்பி, தட்டறத நிறுத்திட்டீங்க? எனக்கு தூக்கமே வரமாட்டுது லா."

"இனிமே தட்ட மாட்டேம்மா."

"அலமாக்! அப்போ நான் எப்படித் தூங்கறது? ரேடியோவாச்சும் போடுங்க."

"ரேடியோவும் இல்ல."

"நல்ல வேன்ல வந்து ஏறுனேன்," என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து, பின்னால் யாராவது போனில் சத்தமாகப் பேசினால் முதலில் அதட்டுவது அவர்தான். "மெதுவா பேசு. முன்னாடி படிக்கிறாங்கல்ல?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் புல் வெட்டப் போவேன். அக்காவும் வந்தாள். பிள்ளைகளையும் மாமியாரையும் அத்தான் பார்த்துக்கொண்டார். வேனை நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துவிட்டேன். முழுத் தேர்வையும் லேப்டாப்பில் ஒரே மூச்சில் எழுதிப் பார்ப்பாள். மெஷின் சத்தம் கேட்கும் என்று நான் மெஷினை எடுக்கவில்லை. பாராங் கத்தியால் வெட்டினேன். அரை நாள் வேலை ஒரு நாள் ஆனது. முதுகு பிடித்துக்கொண்டது.

கடைசி ஞாயிறு. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கை அசையவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். என் விரலுக்குத் தெரியும், இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். அசையவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு வேனுக்கு நடந்தேன். அந்த மண் கறுப்பு, மெத்தென்று இருக்கும், நடந்தால் சத்தம் கேட்காது. பக்கத்தில் போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டேன்.

தட்டவில்லை. கை அப்படியே நின்றது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண் திரையின் மூலைக்குப் போனது. உதட்டைக் கடித்தாள். எதையோ ஒன்றை அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

நான் திரும்பி வந்து கத்தியை எடுத்தேன். அன்றைக்கு மிச்சப் புல் வேகமாக முடிந்தது.

இரண்டாவது தேர்வுக்கு வேனில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கட்டடத்துக்குக் கீழே சாப்பாட்டுக் கடையில் தே-ஓ, பால் இல்லாத டீ, ஒன்று வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். கடைக்காரர், "குளிருதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். தே-ஓ ஆறிப் போனது.

அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஆறிய தே-ஓவை எடுத்து அவளே குடித்தாள்.

"எல்லாத்தையும் முடிச்சேன். மூணு நிமிஷம் மிச்சம்."

"மார்க்கு?"

"அங்கயே ஸ்கிரீன்ல காட்டிட்டாங்க. ஸ்கூல் கேட்டதுக்கு மேல ஒம்பது."

"போலாமா?"

"இருடா. பசிக்குது. ரொட்டி சொல்லு."

மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

இன்னும் இடம் கிடைத்துவிடவில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். இப்போது ஜாமில் அதற்குப் பேசிப் பழகுகிறாள், உதடு மட்டும் அசைகிற மாதிரி. சில நேரம் நீளமாகப் போகிறாள். எனக்கே தெரிகிறது. நான் ரோட்டைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவளே கைக்கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள்.

மோதிரம் சாம்பல் தட்டில்தான் கிடக்கிறது. கடிகாரத்தின்மேல் டேப்பும் அப்படியேதான் இருக்கிறது.