சித்தூரில் ஒரு போட்டோக் கடைக்குப் பெயர் வைத்தேன்

படம் பிடிக்கிற தொழிலில் முகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வருகிறவர்கள் பாடு. பெயரைப் பற்றிக் கவலைப்படுவது நம் பாடு. கடை என்று ஒன்றைத் திறந்து, அதற்குப் பெயர் தேடித் தூக்கம் கெட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

யாருக்கும் சண்டை வராத பெயர்

ரங்கூனில் ஒரு ஸ்டூடியோவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பதை நெருங்குகிற வயதில் சித்தூருக்குத் திரும்பினேன். சம்பாதித்ததெல்லாம் கடைவீதியில், பகல் வெளிச்சத்தில் படம் பிடிக்கக் கண்ணாடிக் கூரை போட்ட ஓர் அறையாக மாறியது. அது நடந்தால்தான் பிழைப்பு. பெண்கள் கூச்சமில்லாமல் வரவேண்டும் என்று என் மனைவி ராஜம்மாள் உடன் இருப்பாள். நான் நம்பியது அவர்களைத்தான். பெண்கள் வந்தால் குடும்பமே வரும்.

தமிழும் தெலுங்கும் படித்த எனக்கு இரண்டிலும் இனிக்கிற பெயர் வேண்டும். "சந்திரிகா" என்றேன். நாடகக் கம்பெனி என்று நினைப்பார்கள் என்றார்கள். "சித்ரகலா" என்றேன். டிராயிங் பள்ளிக்கூடமா என்றார்கள். பின்னணித் திரைகளில் மாளிகையும் தோட்டமும் எழுதித் தந்த ஏசுதாஸ், மிஷன் கோயில் சபையைச் சேர்ந்தவன், கடைசியில் பொறுமையிழந்து தூரிகையைக் கீழே வைத்தான்.

"ஏழுமலையான் பேரையே வெச்சிடுண்ணா. தமிழன், தெலுங்கன் எவனும் சண்டைக்கு வரமாட்டான். சர்ச்சுக்குப் போற நானே சொல்றேன், அப்புறம் என்னா?"

திருப்பதித் திருவிழாவில்

இப்படியாக "ஸ்ரீ வேங்கடேசா போட்டோ ஸ்டூடியோ" தமிழ், தெலுங்கு இரண்டு எழுத்திலும் போர்டில் ஏறியது. பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதியில் கொட்டகை போட்டோம். கூட்டம் தாங்கவில்லை. முன்பணம் தந்து உட்கார்ந்தவர்கள் படம் வாங்கத்தான் திரும்பி வரவில்லை. அந்த ஊரில் சத்திரம், ஓட்டல், பாத்திரக் கடை எல்லாவற்றுக்கும் அதே பெயர்.

திருவிழா முடிந்து மூங்கிலைப் பிடுங்கும்போது ஒரு நகரி விவசாயி வந்து சேர்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருந்து சலித்து, அவரை விட்டுவிட்டு ரயிலேறிவிட்டார்களாம்.

"ஏம்பா, மொட்டை அடிச்ச எடத்துலயும் அதே பேரு, சோறு துன்ன எடத்துலயும் அதே பேரு. என் மூஞ்சிய நான் எங்கன்னு போய்த் தேடறது?"

கைக்குழந்தையோடு வந்தவள்

அதைச் சிரித்து மறந்தேன். இதை அப்படி மறக்க முடியவில்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றாள். கணவன் பட்டாளத்தில். பிறந்த பிள்ளையை அவன் பார்த்ததில்லை; படம் எடுத்து அனுப்ப வேண்டும். பெண்பிள்ளை கூட இருக்கிற கடை என்று யாரோ எங்களைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

காலையிலேயே ஊருக்குள் வந்துவிட்டாளாம். எந்த போட்டோக் கடை என்று கேட்டவர்களிடம், "மலைமேல இருக்கிற சாமி பேருல படக் கடை" என்றிருக்கிறாள். ஆளாளுக்குச் சாமி படம் கண்ணாடி போட்டு விற்கிற கடைக்கே அவளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது கூரையில் வெளிச்சம் இல்லை. குழந்தை அழுது தூங்கிவிட்டது. ஊர் வண்டி புறப்பட நின்றது. நாளை வா என்றேன். ரங்கூனில் அப்படி ஒரு படத்துக்காகத் தபால்காரனைப் பார்த்து நின்றவன்தான் நானும். பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே அம்மா என்றேன்.

"எங்க வூட்டுக்காரர் பேரைத் தூக்கி போர்டுல எழுதிட்டீங்க. நான் எந்த வாயாலங்க சொல்லி வழி கேக்கறது?"

அவள் மறுபடி வரவில்லை.

தூரிகையை மறுத்தவன்

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். இந்த ஜில்லாவில், பெண்கள் பெயர் சொல்லாத ஆண்களில் புருஷன் இல்லாவிட்டால் மாமனார், மாமனார் இல்லாவிட்டால் மூத்த மைத்துனர், யாராவது ஒரு வேங்கடம் இல்லாத வீடு எது? என் கடைக்கு வராத பெண்கள் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஸ்டூடியோவில் கூடியது ஏன் என்று விளங்கியது. பெயரை மாற்றிவிடலாம் என்று ஏசுதாஸைக் கூப்பிட்டேன். ஏணி வரைக்கும் வந்தவன் நின்றுவிட்டான்.

"எழுதச் சொல்லு, எழுதறேன். ஏழுமலையான் பேரை ஒரு கிறிஸ்தவன் சுரண்டினான்னு நாளைக்கு ஊரே சொல்லும். என் புள்ளைங்க இந்த வீதியிலதாண்ணா நடந்துக்கினு போவணும்."

அவனைக் குறை சொல்ல முடியாது. நானே ஏணியில் ஏறினேன். கை வரவில்லை, இறங்கிவிட்டேன்.

ராஜம்மாள்

அடுத்த வருஷம் காமிராவை விற்றேன். திரைகளைச் சுருட்டிக்கொண்டிருந்த ராஜம்மாளிடம், தெரிந்த பெண்களிடமெல்லாம் நீ கடையைப் பற்றிச் சொன்னாய்தானே என்று கேட்டேன். என் தகப்பனார் பெயர் வேங்கடாசலம் என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. அவள் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"எங்க மாமா பேராச்சே, எப்படிச் சொல்றது? 'அவங்க கடை'ன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். எவங்க கடைன்னு கேட்டாங்க. நீங்களாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எழுத்து தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிறதா என்று வீதியின் எதிர்ச்சாரியில் போய் நின்று பார்த்த நான், அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்கவில்லை.