கட்டிலிலிருந்து உயர்ந்த இடது கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் நடந்தது இது. நான் தாராவியில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வண்டியில் கரண்ட் சம்பந்தப்பட்ட எந்தக் கோளாறும் என் கையை மீறிப் போகாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

மாட்டுங்காவில் ஒரு தம்பதி எனக்கு வாடிக்கை. மேடம் பாங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரைக் காரில் உட்காரவைத்து அழைத்துப் போவது சிரமம் என்று பழைய வெளிநாட்டு மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய வண்டி. பின்னால் கட்டில், நடுவில் சின்ன அடுப்பு, மூலையில் கழிப்பறை. மேடமே ஓட்டுவார். டாங்கிலிருந்து ஒரு பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்ப, இஞ்செக்டர் அதைத் தெளிக்கிற வகை எஞ்சின்.

அந்த வண்டி சில சமயம் ஸ்டார்ட் ஆகாது. சில சமயம்தான், அதுதான் தலைவலி. மூன்று முறை என்னிடம் வந்தது. மூன்று முறையும் என் கண்முன்னே சாவியைத் திருப்பியவுடன் கிளம்பியது. பாட்டரி வயரை மாற்றினேன், ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பிளக் மாற்றினேன். மூன்றாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வண்டில ஒண்ணும் இல்ல மேடம். நீங்க சாவிய அவசரமா திருப்புதீய, அதான்" என்றேன்.

"காலம்பற ஒரு நாளும் இப்படிப் பண்ணினதில்லை. ஓடிட்டு நிறுத்தி, அரை மணி கழிச்சு எடுத்தாத்தான் பண்றது" என்றார்.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சார் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேச முடியாதவரிடம் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன்.

அந்த மழைநாளில் மத்தியானம் மூன்று மணிக்கு மேடத்திடமிருந்து போன் வந்தது.

"செம்பூர்ல பிசியோதெரபி முடிஞ்சு வந்துண்டிருந்தோம். கிங்ஸ் சர்க்கிள்ல மருந்து வாங்க நிறுத்தினேன், கூட்டத்துல முக்கால் மணி ஆயிடுத்து. இப்போ ஸ்டார்ட் ஆகமாட்டேங்கறது. தண்ணி ஏறிண்டே இருக்கு. இவரை எப்படி இறக்கறதுன்னு தெரியலை."

குரலில் பதற்றமே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஸ்கூட்டரை சயான் பக்கம் விட்டுவிட்டு, டூல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். போய்ச் சேரும்போது தண்ணீர் தொடை வரைக்கும் வந்துவிட்டது. வண்டியின் படி மூழ்கியிருந்தது. கடைக்காரர்கள் இரண்டு பேர் உதவிக்கு நின்றார்கள். ஆனால் எந்த மேன்ஹோல் திறந்து கிடக்கிறதென்று தெரியாத தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு நடக்க யாருக்கும் துணிவில்லை. தீயணைப்புப் படைக்குச் சொல்லியாயிற்று, எப்போது வரும் என்பது தெரியாது.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தேன். பிளக்கில் பொறி வந்தது. அப்படியானால் பெட்ரோல் வரவில்லை. பம்ப் ஓடுகிறதா என்று கேட்கலாமென்றால் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல். பாட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் தரைவிரிப்பு நனைய ஆரம்பித்தது.

அப்போது பின்னாலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். மேடம் உடனே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். சார் அதை இடது கையால் தள்ளிவிட்டார். என்னைப் பார்த்தார். கட்டிலை ஓங்கித் தட்டினார். மறுபடி "ம்ம்ம்" என்றார். பிறகு இல்லை என்பதுபோல் கையை ஆட்டினார்.

அவருடைய கட்டிலுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டாங்க். பம்ப் அதற்குள் இருக்கிறது.

"சார், சாவி போட்டதும் கீழ இப்படிச் சத்தம் கேக்குமா?"

தலையசைத்தார்.

"இப்ப கேக்கலியா? ஸ்டார்ட் ஆவாத அன்னிக்கெல்லாம் கேக்கலியா?"

கண்ணை மூடித் திறந்து, மெதுவாகத் தலையசைத்தார்.

மேடம் பாட்டிலோடு அப்படியே நின்றார். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சத்தம் பண்ணுவார். தாகம்னு நெனச்சு நான் தண்ணி குடுத்துண்டிருந்தேன்."

பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலே, டாஷ்போர்டுக்கு அடியில் எஞ்சின் அனல் படுகிற இடத்தில் இருந்தது. தொட்டால் சுட்டது. சூட்டில் அதன் உள்ளே எங்கோ தொடர்பு விடுகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. மேடம் அன்றைக்கே சொன்னது அதைத்தான். ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. ரிலேயைப் பிடுங்கி டூல் பையில் போட்டுவிட்டு, அது இருந்த ஓட்டைகளில் ஒரு துண்டு வயரைக் குத்தி இணைத்தேன். சாரின் இடது கை மேலே உயர்ந்தது. பம்ப் ஓடுகிறது.

வயர் நிலையாக நிற்கவில்லை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். "பம்ப் ஓடுத வரைக்கும் கைய இறக்காதீங்க சார். நின்னா இறக்கிருங்க" என்றேன். ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்த மேடத்திடம், "சைலன்சர் தண்ணிக்குள்ள இருக்கு, வேகம் கொறஞ்சா உள்ள தண்ணி ஏறிரும். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்திராதீய" என்றேன். இரண்டாவது திருப்பில் எஞ்சின் பிடித்தது, வண்டி நகர்ந்தது.

நான் தரையில் மண்டியிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கையை நுழைத்து, கழுத்தைத் திருப்பி சாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ் கிளப்பிய அலை வண்டியில் மோதியது. என் விரல் நழுவியது. அவர் கை சட்டென்று இறங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமியது. வயரை அழுத்தினேன். கை மறுபடி உயர்ந்தது. மேடம் கால் எடுக்கவில்லை. மேம்பாலத்தின் ஏற்றத்துக்கு வந்து, நான்கு சக்கரமும் தண்ணீரை விட்டு வெளியேறிய பிறகுதான் நிறுத்தச் சொன்னேன்.

சாரிடம் போனேன். "மூணு தடவ வண்டி வந்தும் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. மன்னிச்சிருங்க" என்றேன். அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்த கையாலேயே கட்டிலின் ஓரத்தைத் தட்டி, என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மேடம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

மறுநாள் ரிலேயைப் பிரித்தபோது, ஈயப் பற்றில் முடி அளவுக்கு விரிசல் இருந்தது. பற்றவைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அந்தக் கோளாறு வரவில்லை.

வாய் பேச முடியாதவரிடம் சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது என்று நானாக முடிவு செய்திருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.