மூன்றில் ஒரு துண்டு

செம்பூர் வீட்டுக் குளியலறையில் என் மகனின் ரேஸர் இருக்கிறது. ஐந்து பிளேடு, மீசை ஒதுக்கப் பின்பக்கம் இன்னொன்று, மேலே வழவழப்பாக ஒரு பட்டை, பிடிக்குள் பேட்டரி. ஆக எட்டு. காலையில் அது உறுமத் தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

வாப்பாவுடையதில் மூன்றே துண்டுகள்: பிடி, அடித்தகடு, மூடி. தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு பிளேடு.

நான் பள்ளியில் படித்தபோது, தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்கு, துபாயிலிருந்து விடுப்பில் வந்த மாமா இரட்டை பிளேடு ரேஸர் கொண்டுவந்தார். மாற்றிப் போட ஐந்து தலைகள்.

"மொத பிளேடு விட்டதை ரெண்டாவது புடிச்சிரும், மச்சான்."

"ஒண்ணு ஒழுங்கா வெட்டுனா ரெண்டாவதுக்கு என்னடே வேலை?" என்றார் வாப்பா.

தோல் பட்டறையை விட்டுவிட்டு வாப்பாவும் துபாய்க்கு வர வேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம். உம்மாவின் ஆசையும் அதுதான். வாப்பா எதற்கும் அசையவில்லை. கடைசியில் மாமா சிரித்துக்கொண்டே கெடு வைத்தார்: "நான் கிளம்புததுக்குள்ள இதுல சவரம் பண்ணிட்டீங்கன்னா சம்மதம்னு எடுத்துக்கிடுவேன்."

வாப்பா பழையதையே எடுத்தார். பதினெட்டு நாள். காலையும் மாலையும் எண்ணினேன். ஐந்து தலைகளும் உறை பிரியாமல் கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பிளேடு எப்படி வெட்டும் என்று பார்த்தாக வேண்டும். மாமா புறப்படுவதற்கு முந்தின நாள், வாப்பா எழுமுன் அடித்தகட்டை எடுத்து என் காம்பஸ் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

வாப்பா முகத்தில் சோப்பு நுரையோடு பிடியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். சற்று நின்றார். பிறகு புதியதன் உறையைப் பிரித்தார்.

பதினான்கு இழுப்பில் முடிந்துவிட்டது. பழையதில் முப்பதுக்குக் குறையாது.

உம்மா அடுப்பில் இருந்த சட்டியை மறந்து அவர் கன்னத்தையே பார்த்தபடி நின்றாள். மாமாதான் வாயைத் திறந்தார்: "அப்ப பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துருவோமா, மச்சான்?"

"முகம்தான் சுத்தமா இருக்கே. வா, போவோம்."

வாப்பா ஒன்பது வருடம் அங்கே இருந்தார். எங்களைப் பார்க்க நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறை அவர் திரும்பிப் போனபோதும், உம்மா அழுதபோதும், என்னால்தான் என்று காம்பஸ் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவேன்.

தகட்டை ஒளித்த அன்று அடி விழும் என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். விழவில்லை. தப்பித்துவிட்டதாக நினைத்தேன். வாப்பா அந்தத் தகட்டைத் தேடவே இல்லை. அலமாரிக்கு அடியில் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணிய எனக்கு அது மட்டும் அப்போது உறைக்கவில்லை.