தம்ளர் டீச்சர்

அடங்காத பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் கடைசியில் தம்ளர் டீச்சரிடம்தான் வந்து சேரும். அவர் திட்டமாட்டார். மேசைமேல் இருக்கும் தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டுவார்.

"முதல்ல குடி. அப்புறம் சொல்லு."

குடித்து முடிப்பதற்குள் பிள்ளைக்குக் கோபம் இறங்கிவிடும்.

இந்தக் கைராசியே அவருக்கு வினையாகிவிட்டது. மற்ற ஆசிரியர்கள் தொட்டதற்கெல்லாம் பிள்ளைகளை அங்கே துரத்தினார்கள். பொறுமை என்ன, அவர் வீட்டுக் குழாயிலா கொட்டுகிறது? லீவு கேட்டால், "நீங்க இல்லாம எப்படி டீச்சர்?" என்று தலைமையாசிரியர் இளிப்பார். வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டபோதும் அதே இளிப்புதான்.

நேற்று, சண்டை போட்டதற்காக அனுப்பப்பட்ட ஒரு சிறுமி உள்ளே வந்ததும் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்! என்னால முடியல! வெளிய போ!"

பள்ளி முழுக்கக் கேட்டிருக்கும். சிறுமி போகவில்லை, அழவும் இல்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"முதல்ல குடிங்க டீச்சர். அப்புறம் சொல்லுங்க."

கோபப்படக்கூட விடமாட்டார்களா? டீச்சர் வாங்கிக் குடித்தார். எத்தனையோ வருடங்களாக யாரும் கேட்காததைச் சொல்ல வாயெடுத்தார். வாசலில் கணக்கு வாத்தியார், அடுத்த பையனின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.